ஒன்பதாவது நிபந்தனை

வரட்டாற்றுப்பாளையத்தில் ஆண்கள் யாருக்கும் சொந்தமாக ஒரு தொழிலும் கிடையாது. நாற்பத்திமூன்று பட்டறைகளும் ஆலைகளும் கடைகளும் இருந்தன, அத்தனையும் பெண்கள் பேரில் இருந்தன. லேத்துப் பட்டறை பூவாத்தாள் பேரில், எண்ணெய்ச் செக்கு சரசாள் பேரில், ஹாலோ பிளாக் கம்பெனி மயிலாத்தாள் பேரில், பாக்குமட்டைத் தட்டு அடிக்கும் கொட்டகை துளசிமணி பேரில் என்று பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் மகளிர் கல்லூரி வருகைப்பதிவேட்டைப் படிப்பது மாதிரி இருக்கும். அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை, சிலருக்குத் தங்களுக்கு ஒரு பட்டறை இருக்கிற விஷயமே தெரியாது.

பெண்கள் மேல் ஊருக்கு அத்தனை மரியாதையா என்று கேட்டால், மரியாதை எல்லாம் ஒன்றுமில்லை, பத்து சதவீதம்தான். மங்கையர் தொழில் மேன்மைத் திட்டம் என்று ஒன்று வந்தது. மெஷின் வாங்கினால் ஆணுக்கு விலையில் இருபத்தைந்து சதவீதம் மானியம், பெண்ணுக்கு முப்பத்தைந்து. பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அங்கப்பன்தான் ஊருக்கே விண்ணப்பம் எழுதுபவர், எந்தத் திட்டம் எந்த மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் படிவத்தை நிரப்பிக் கொடுப்பார், புருஷன் வீட்டுக்கு எடுத்துப்போவான், அடுப்படியில் நிற்கிற மனைவியிடம் "இங்க போடு, இங்க போடு, அக்கட்டால ஒண்ணு போடு" என்று விரலால் காட்டுவான், அவள் மாவுக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போடுவாள், அவ்வளவுதான் மங்கையர் மேன்மை. அரசாங்கம் கொடுப்பதை வாங்காமல் விடுவது அந்த ஊரில் பெரிய குற்றம். ஆற்றில் தண்ணீர் வந்து இருபது வருஷம் ஆகிறது, ஆனால் மீன் வலைக்கு மானியம் வாங்கியவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள், வலைகளைப் புடலைப் பந்தலுக்கு விரித்திருந்தார்கள்.

ஆடி மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, லேத்துப் பட்டறை நாச்சிமுத்து சாவியைப் போட்டுத் திருப்பினார், பூட்டு திறந்தது, ஷட்டர் மேலே வரவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார், கடப்பாரை போட்டுப் பார்த்தார், பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிடலாம் என்று திரும்பினால் அவர்களும் அவரவர் ஷட்டரைத் தூக்க முடியாமல் குனிந்து நின்றார்கள். கதவில்லாத திறந்தவெளித் தொழில்காரர்கள் உள்ளே போய் சுவிட்சைப் போட்டார்கள், மோட்டார் முனகக்கூட இல்லை. மளிகைக்கடைத் தராசில் ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தால் சைபர் காட்டியது. ஒன்பது மணிவாக்கில் நாச்சிமுத்து மறந்துவிட்டுப் போன டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பூவாத்தாள் வந்தாள், தெருவெல்லாம் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தாள், "இதுக்கா இத்தனை பேரு?" என்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரில் கை வைத்தாள். அது மேலே போய் நின்றது, உள்ளே லேத்து தானாகவே சுற்ற ஆரம்பித்தது.

மத்தியானத்துக்குள் அங்கப்பன் பழைய மானிய உத்தரவு ஒன்றைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, முதன்முறையாக முழுதும் படித்தார். பதினான்கு நிபந்தனைகள் இருந்தன. ஒன்பதாவது, 'பயனாளி இத்தொழிலைத் தாமே நேரில் இருந்து நடத்துதல் வேண்டும்.' பதினெட்டு வருஷமாக அந்தத் தாளை ஊரில் யாரும் படித்ததில்லை, மெஷின்கள் படித்திருக்கின்றன என்று ஊர் முடிவுக்கு வந்தது, அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. வேலை கெட்டுக் கிடக்கிறபோது காரணம் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

முதல் வாரம் பெண்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தால் மெஷின் ஓடும், உலை வைக்க வீட்டுக்குப் போனால் நிற்கும். உலையை யார் வைப்பது என்ற கேள்வி வந்தது, அந்தக் கேள்விக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள், கூட்டத்தில் பதில் வரவில்லை, பசி வந்தது, மறுநாள் நாச்சிமுத்து ரசம் வைத்தார். இரண்டாவது வாரம் நாற்காலி மட்டும் போதாது என்று ஆனது, உட்கார்ந்தபடி செல்போன் பார்க்கிற முதலாளிகளின் மெஷின்கள் மெதுவாக ஓடின, நேரில் இருப்பது வேறு, நடத்துவது வேறு என்று அவை பிரித்துப் பார்த்தன. ஆகவே பெண்கள் எழுந்து வேலையைக் கற்றுக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் கருப்பண்ணசாமிக்கு ஆண்கள் கிடாய் வெட்டினார்கள், பெண்களுக்கு வேலை இருந்ததால் வரமுடியவில்லை. ஆவணி பிறந்தபோது வாழ்க்கை வழக்கம்போல் நடந்தது, அந்த வழக்கம் ஒரு மாதத்துக்கு முன்னால் இல்லை என்பதை மட்டும் எல்லோரும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அங்கப்பன் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் நிபந்தனை கழன்றுவிடும் என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "அங்கப்பண்ணா, கவருமெண்டு பணத்தைத் திருப்பிக் கட்டறதா? நாளைக்கு எங்க புள்ளைகளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று நாச்சிமுத்து கேட்டார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த மாதக் கடைசியில் ஆய்வுக்கு அதிகாரி ஒருவர் வந்தார். முந்தைய வருஷங்களில் அவர் வருகிற நாளில் மட்டும் பெண்களுக்கு நல்ல சேலை கட்டி மெஷின் பக்கத்தில் நிறுத்துவார்கள், அவரும் 'திருப்தி' என்று எழுதிவிட்டு இளநீர் குடித்துப் போவார். இந்தமுறை நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் கிரீஸோடு, "செத்த இருங்க சார், இந்த ஜாப்பு முடியட்டும்" என்று பூவாத்தாள் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டதாகத் தெரிகிறது' என்று எழுதிவிட்டுப் போனார்.

இத்தனை நடந்தும் ஒரே ஒரு ஷட்டர் மட்டும் திறக்கவில்லை. பாக்குமட்டைத் தட்டுக் கொட்டகை. அதன் முதலாளி துளசிமணி இரண்டு வருஷத்துக்கு முன்பே புருஷன் சென்னியப்பனை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாலு பெண்களோடு சேர்ந்து ஒரு வாடகை அறை.

அவள் போன காரணம் ஊருக்குத் தெரியும், தெரியாதது மாதிரி இருந்தார்கள். அண்ணன் மகள் சீருக்கென்று அவனிடம் ஆயிரம் ரூபாய் கேட்டாள். "இந்த ஊட்டுல உன்ற பேர்ல என்ன இருக்குது, நீ கேக்கறதுக்கு?" என்று சென்னியப்பன் கையை ஓங்கினான், அன்று ஓங்கியதோடு நிற்கவில்லை, அது முதல்முறையும் இல்லை. அவள் போய்ச்சேர்ந்த மூன்றாம் மாதம் வக்கீல் மூலம் விவாகரத்துக்கு மனு எழுதி அனுப்பினாள். இருவரும் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும், போடாவிட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும், வழக்கு நடத்த அவளிடம் காசு கிடையாது. அவன் போடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள், அவளிடம்தான் பேசினார்கள். கருப்பண்ணசாமியிடம் பூ கேட்டாள், பூவும் அவன் பக்கமே விழுந்தது. அந்த ஒரு கையெழுத்துக்காக அந்தப் பெண் இரண்டு வருஷம் அழுதிருக்கிறாள், எழுதுகிற எனக்கே நினைத்தால் ஆறவில்லை.

சென்னியப்பனுக்கு ஆவணியில் இருபதாயிரம் தட்டுக்குக் கல்யாண ஆர்டர் இருந்தது. முதலில் தன் தங்கையைக் கூட்டிவந்து ஷட்டரில் கை வைக்கச் சொன்னான், ஷட்டர் ஏமாறவில்லை. மானியத்தைத் திருப்பிக் கட்டலாம் என்றால் அது புல்லட் வண்டியாகி வாசலில் நின்றது. வேறு வழியில்லாமல் அதே புல்லட்டில் திருப்பூருக்குப் போனான். கம்பெனி வாசலில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி முடித்தான். துளசிமணி ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒன்று.

"அந்தக் கொட்டகை என்ற பேர்லயா இருக்குது?"

"பேருக்குத்தான் உன்ற பேரு. கையெழுத்துப் போட்டியல்லோ."

"நீங்க காட்டின எடத்துல போட்டேன். ரேசன் கார்டுன்னு சொன்னீங்க."

"செரி, இப்ப அதுக்கென்ன? ஊட்டுக்கு வா போலாம். ஆர்டர் நிக்குது."

"மனுவுல கையெழுத்துப் போடுங்க, வர்றேன்."

"அது மட்டும் நடக்காது. பொண்டாட்டிக்குக் கையெழுத்துப் போட்டு உட்டவன்னு எங்க பரம்பரையிலயே எவனும் இல்ல."

அவள் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து உட்கார்ந்தாள். "ஊட்டுக்கு வரமாட்டேன். கொட்டகைக்கு வர்றேன். காலையில ஏழு பத்து பஸ்ல வருவேன், சாயங்காலம் அஞ்சரை பஸ்ல போயிருவேன். என்ற பேர்ல இருக்கறதை நானே நடத்தறேன்," என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான், பெண்கள் சொன்ன சொல்லில் எத்தனை நாள் நிற்பார்கள் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது.

துளசிமணி கை வைத்த நாளில் ஷட்டர் சத்தமில்லாமல் ஏறியது, ஆறு வாரம் ஆறிக்கிடந்த அச்சுகள் சுவிட்சைப் போடும் முன்பே சூடாகியிருந்தன. மட்டையை ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, வடியவைத்து, அச்சில் வைத்து அழுத்தி, ஓரம் வெட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்க அவள் நான்கு நாளில் கற்றுக்கொண்டாள். மூன்று பெண்களை வேலைக்குச் சேர்த்தாள். கல்யாண ஆர்டர் ஒருநாள் முன்னதாகவே போனது, தட்டில் பாயசம் ஊற்றினாலும் ஒழுகவில்லை என்று சமையல்காரரே போன் பண்ணிச் சொன்னார், பின்னாலேயே நாலு ஆர்டர் வந்தது. அவள் பனியன் கம்பெனிக்கு லீவு சொல்வதை நிறுத்திவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டாள். சென்னியப்பன் கட்டுகளைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு, கொட்டகை வாசலில் புல்லட் மேல் சாய்ந்து நின்று, வருகிறவர்களிடம் "நம்ம கம்பெனிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஞ்சரை பஸ்ஸுக்கு முன்னால் அவள் மனுவை நீட்டுவாள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் "பாக்கலாம் பாக்கலாம்" என்பான்.

புரட்டாசியில் அரசாங்கம் இன்னொரு திட்டம் அறிவித்தது. உழைப்பாளர் ஊக்கத் திட்டம். சிறுதொழில் முதலாளி புதிதாக ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் அந்த ஆளின் பாதிச் சம்பளத்தை இரண்டு வருஷத்துக்கு அரசாங்கம் கட்டும், அதுபோக வேலைக்குச் சேர்ந்தவர் வங்கிக் கணக்கில் நேராகப் பதினைந்தாயிரம் ரூபாய் ஊக்கத்தொகை போடும். ஏப்ரல் முப்பது கடைசித் தேதி. அங்கப்பன் கடையில் ஜெராக்ஸ் மெஷின் சூடேறி இரண்டுமுறை நின்றுபோனது.

இந்தமுறை நிபந்தனைகளை எல்லோரும் படித்தார்கள், ஒரு தடவை பட்ட ஊர் அல்லவா. நான்காவது நிபந்தனையில் வந்து நின்றார்கள். 'பணியமர்த்தப்படுபவர் தொழில் உரிமையாளரின் கணவராகவோ இரத்த உறவினராகவோ இருத்தல் கூடாது.' ஊரில் வேலையில்லாமல் இருந்தவர்கள் எல்லோரும் உரிமையாளர்களின் கணவர்கள். பொய் எழுதிக் கொடுக்கலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை, தாளில் எழுதியதை மெஷின்கள் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் முழுதும் யோசித்து வழி கண்டுபிடித்தார்கள். நாச்சிமுத்து சரசாளின் செக்கில் வேலைக்குச் சேர்ந்தார், சரசாளின் வீட்டுக்காரர் மயிலாத்தாளின் ஹாலோ பிளாக்கில் கல் அடுக்கினார், மயிலாத்தாளின் வீட்டுக்காரர் பூவாத்தாளிடம் லேத்து துடைத்தார். இப்படி ஒரு வாரத்தில் ஊரின் நாற்பத்திரண்டு புருஷன்மார்களும் மற்றவர் மனைவிமார்களிடம் நிமிராமல் வேலை செய்தார்கள். சொந்த வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்காதவர்கள் பக்கத்து வீட்டு முதலாளியம்மாவுக்கு முன்னால் கையைக் கட்டி நின்றார்கள். அதில் யாருக்கும் வெட்கமாக இல்லை, சம்பளம் வந்தது.

சென்னியப்பனை மட்டும் யாரும் சேர்க்கவில்லை.

பூவாத்தாளிடம் போய்க் கேட்டான். அவள் லேத்தை நிறுத்தாமலே, "கை நீட்டற ஆளை வெச்சு நான் எப்படீங்க பொம்பளைக இருக்கற பட்டறைய நடத்தறது?" என்றாள். சரசாள் அதையே சொன்னாள், மயிலாத்தாள் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொன்னாள். இரண்டு வருஷமாக ஊருக்குத் தெரியாமல் இருந்த விஷயம் அந்த வாரம் நாற்பத்திரண்டு முதலாளிகளுக்கும் தெரிந்துவிட்டது. ஐப்பசி பிறப்பதற்குள் முதல் ஆள் கணக்கில் பதினைந்தாயிரம் விழுந்தது, விழுந்த செய்தி வந்த செல்போனை நாச்சிமுத்து தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு போனார். ஊரே வாங்குகிறது, தான் ஒருவன் வாங்கவில்லை. பசி, அவமானம், மனைவி போனது, எதற்கும் அசையாத சென்னியப்பனால் இதைத் தாங்க முடியவில்லை.

துளசிமணியிடம் வந்து நின்றான். "நீ என்னையச் சேத்திக்கோ."

"நாலாவது நிபந்தனைல வீட்டுக்காரரைச் சேத்தக்கூடாதுன்னு போட்டிருக்குதே."

"அதுக்கு என்னதான் பண்றது?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்களைத் தவுர வேற யாரு வந்தாலும் எடுத்துக்கலாம்," என்றாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை, அதனால் மனுவை நீட்டவில்லை.

இரண்டு நாள் அவன் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கொட்டகைக்கு முன்னால் புல்லட் வந்து நின்றது. அவனே நேராக வக்கீலிடம் போய், அவனே காசு கொடுத்து, புதிதாக மனு தயாரித்து, கணவர் என்று போட்டிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். "வெரசாப் போடு. அங்கப்பண்ணனைக் கேட்டேன். கோர்ட்டுத் தீர்ப்பு நகலை வெச்சாச் செல்லுமாமா. ஆறு மாசம் ஆகுமாமா, இன்னிக்கே தாக்கல் பண்ணினாத்தான் ஏப்ரலுக்குள்ள முடியும்," என்று மூச்சிரைத்தான். துளசிமணி மட்டைத் தொட்டியில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுப் போட்டாள்.

அடுத்த ஆறு மாதமும் வாய்தாத் தேதிகளை அவளைவிட அவன்தான் நினைவு வைத்திருந்தான். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி குடும்பநல நீதிமன்றத்தில் நீதிபதி அம்மையார் இருவரையும் உட்கார வைத்து, கடைசியாக ஒருதரம் யோசித்துக்கொள்கிறீர்களா, சேர்ந்து வாழ வாய்ப்பு இருந்தால் மறுபடி தேதி தருகிறேன் என்று கனிவாகக் கேட்டார்.

சென்னியப்பன் எழுந்து கும்பிட்டான். "வேண்டாமுங்கம்மா. தேதி எல்லாம் குடுத்தறாதீங்க. முப்பது கடைசி நாளுங்க."

அம்மையாருக்கு அது என்ன கடைசி நாள் என்று புரியவில்லை, ஆனால் பதினாறு வருஷ வேலையில் இத்தனை உறுதியாக ஒரு கணவனை அவர் பார்த்ததில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் வராந்தாவிலேயே அவன் சட்டைப்பையிலிருந்து ஊக்கத் திட்டப் படிவத்தை எடுத்து விரித்தான். துளசிமணி பெஞ்சில் உட்கார்ந்து அதை முழுதும் படித்தாள். உரிமையாளருக்கும் பணியாளருக்கும் உள்ள உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்தச் சொல்லைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"திங்கக்கெழமை எட்டு மணிக்கு வந்துருங்க. லேட்டா வந்தா அரைநாள் சம்பளம் புடிப்பேன். வேலைக்கு இருக்கற புள்ளைககிட்டக் கொரலு ஒசந்துதுன்னா அன்னைக்கே நின்னுக்கலாம்."

"ஆகட்டுமுங்க," என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டு, அங்கப்பன் கடை மூடுமுன் போய்ச் சேர வேண்டும் என்று அவன் படியிறங்கி ஓடினான்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவளுக்காக வந்திருந்த பெண் வக்கீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னம்மா, வருத்தமா இருக்கா?" என்று தோளைத் தொட்டார். முந்தானையை எடுத்தபோது துளசிமணி சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது.

"இல்லீங்க மேடம். ரெண்டு வருசமா அவருகிட்டக் கேட்டேன், பெரியவங்ககிட்டக் கேட்டேன், சாமிகிட்டக் கேட்டேன். கவருமெண்டுகிட்டக் கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க."